வாசலுக்கு வரும் உதவி கட்டிலுக்கும் வரட்டும்

வீட்டுப் பெரியவர்களைப் பேணுவது பற்றித் தம்பதியருக்கு ஒரு பாடம்



குடும்ப நலம் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? கர்ப்பிணியின் கவனிப்பு, பிள்ளைக்குத் தடுப்பூசி, ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் போதிய இடைவெளி. எல்லாம் சரிதான். ஆனால் குடும்பம் தொட்டிலோடு முடிந்து விடுவதில்லை. அதே வீட்டின் திண்ணையிலோ பின்கட்டிலோ ஒரு கட்டில் கிடக்கிறது. உங்களில் ஒருவரைப் பெற்று வளர்த்தவர் அதில் இருக்கிறார். அவரைப் பேணுவதும் குடும்ப நலந்தான்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் அது 10.4 சதவீதம். அதற்குப் பிறகு இந்தப் பங்கு கூடிக்கொண்டேதான் வருகிறது. இதற்குக் காரணம் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். மற்றொன்று, நம் ஜனங்கள் சிறு குடும்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு தாய்க்கு ஐந்தாறு பிள்ளைகள். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர்கள் ஊரில் இருந்தார்கள். இன்று இரண்டு பிள்ளைகள். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மற்றவர் நிலத்தோடு ஊரில். பெரியவரைப் பார்க்கும் வேலை முழுதும் ஒரு வீட்டின் மேல் விழுகிறது. அந்த வீட்டிலும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல் விழுகிறது.

ஒருவர் தலையில் மொத்த பாரத்தையும் ஏற்றினால் பாரமும் சாயும், ஆளும் சாய்வார். அதற்குத்தான் வீடு தேடி வரும் சேவைகள் இருக்கின்றன. அவை பல ஊர்களில் தெரு வரை வந்தும், சில வீடுகளில் கட்டில் வரை போய்ச் சேருவதில்லை. ஏன் சேருவதில்லை, எப்படிச் சேர்ப்பது என்பதே இந்தப் பாடம்.

"வயசானா அப்படித்தான்" – இது சரியா?

கட்டிலுக்கும் உதவிக்கும் நடுவே நிற்கும் முதல் தடை இந்த ஒரு வார்த்தை. கண் மங்கினால் "வயசானா அப்படித்தான்". தள்ளாடினால் "வயசானா அப்படித்தான்". சிறுநீர் தன்னையறியாமல் கழிந்தால், முகம் வாடி ஒரு மூலையில் உட்கார்ந்தால், சாப்பிட்டதையே மறந்துபோனால், எல்லாவற்றுக்கும் அதே பதில்.

முதுமை நோயல்ல. ஆனால் முதுமையில் வரும் நோய்களுக்கு மருத்துவம் உண்டு. டாக்டர் வி.எஸ். நடராஜன் அவர்கள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் புறநோயாளிப் பிரிவை 1978-இல் தொடங்கினார்கள். முதியோர் மருத்துவம் ஒரு தனிப் படிப்பாகவே இன்று வளர்ந்திருக்கிறது. மத்திய அரசின் முதியோர் நலத் தேசியத் திட்டமும் 2010–11 முதல் நடக்கிறது.

கண் மங்குவது கண்புரையாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் அறுவை சிகிச்சை செய்து பார்வை பெறலாம். தள்ளாட்டத்துக்கு மாத்திரையின் அளவு காரணமாக இருக்கலாம். சிறுநீர் கழிவதற்கு நீர்த்தாரைத் தொற்றோ, சர்க்கரை நோயோ, ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கமோ காரணமாக இருக்கலாம். முகவாட்டம் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் செய்யக்கூடியது உண்டு.

மறதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மறதி நோய் உள்ள ஒரு பாட்டி காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருப்பார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டில் போய், "எனக்கு இன்னும் சோறு போடலை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை. ஊரோ மருமகளைத் தூற்றும். மருமகளோ அத்தை வேண்டுமென்றே தன் பெயரைக் கெடுப்பதாக நினைப்பாள். ஒரு நோய் ஒரு குடும்பத்தையே பிரித்துவிடும். டாக்டரிடம் காட்டி, இது நோய் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, அக்கம்பக்கத்தாரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வீடு தேடி வரும் மருத்துவம்

தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இதற்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருபவை நான்கு:

1. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள். உங்கள் பகுதியின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் கொண்டு வருவார். இவர் பெரும்பாலும் உங்கள் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்தவரே. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்துச் சொல்வார்.

2. பிசியோதெரபி. பக்கவாதம் வந்தவர்கள், எலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாதவர்கள், மூட்டு மடங்காதவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பார்கள்.

3. ஆதரவுச் சிகிச்சை. புற்றுநோய் முற்றியவர்கள், படுத்த படுக்கையானவர்கள் ஆகியோரின் வலியைக் குறைக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், வீட்டார்க்குச் சொல்லிக் கொடுக்கவும் செவிலியர் வருவார்.

4. சிறுநீரகம் செயலிழந்து, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள்.

இவற்றுக்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். வருகிறவர்கள் பெரியவரைக் குளிப்பாட்ட மாட்டார்கள், சோறூட்ட மாட்டார்கள், இரவில் கண்விழித்து உட்கார மாட்டார்கள். அது வீட்டு வேலை. எப்படிச் செய்தால் பெரியவருக்கும் நல்லது, உங்கள் இடுப்புக்கும் நல்லது என்று அவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். அவர்கள் வந்துபோகும் அரை மணி நேரத்தை, அவர்கள் இல்லாத மற்ற நாட்களுக்கான பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பெறுவது எப்படி?

முதலில் தன்னார்வலரிடமோ, துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடமோ சொல்லுங்கள். "எங்க வீட்டுல நடக்க முடியாத பெரியவங்க இருக்காங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். தன்னார்வலர் யாரென்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம்.

அடுத்து, அளவு கூடுதலாக இருப்பதாகத் தன்னார்வலர் சொன்னால், ஒருமுறையாவது டாக்டர் பார்க்க வேண்டும். நோய் இன்னதென்று டாக்டர் உறுதி செய்த பிறகுதான் மாத்திரை வீட்டுக்கு வரும். இந்த ஒரு பயணத்துக்குச் சோம்பல் படாதீர்கள்.

மூன்றாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெரியவரின் பெயர், வயது, என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, எந்தத் தேதியில் அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளை அதிலேயே ஒட்டி வையுங்கள். நோட்டைத் தலைமாட்டிலேயே வையுங்கள். யார் வந்தாலும் அதைப் பார்த்து விஷயம் தெரிந்துகொள்வார்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கூடவே கொண்டு போகலாம்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

கீழே உள்ளது போன்ற பேச்சு பல வீடுகளில் நடக்கக்கூடியதுதான். படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் குரலும் இதில் கேட்கிறதா?

மனைவி: ஏங்க, அந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்கா தெருவுல வர்றாங்க. அத்தையைப் பார்க்கச் சொல்லட்டுமா?

கணவர்: வேணாம், வேணாம். அம்மாவுக்குப் பாய் நனையுது. வீட்டுக்குள்ள வாடை அடிக்குது. நாலு பேரு என்ன பேசுவாங்க?

மனைவி: வாடை அடிக்குதுன்னுதாங்க கூப்பிடச் சொல்றேன். தினம் மூணு பாய், நாலு சேலை அலசுறேன். எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு.

கணவர்: அம்மாவும் ஒத்துக்க மாட்டாங்க. "யாரையும் தொந்தரவு பண்ணாத, நான் இப்படியே கிடக்குறேன்"னுதானே சொல்றாங்க.

(தன்னார்வலர் வாசலுக்கு வருகிறார்.)

தன்னார்வலர்: அண்ணே, நான் பக்கத்துத் தெருக்காரிதான். நான் போற வீட்டுல பாதி வீட்டுல இதே கதைதான். இங்க பார்த்ததை அங்க போய்ச் சொல்ற வேலை எனக்குக் கிடையாது. பாட்டி, மாத்திரை சாப்பிடுறீங்களா?

பாட்டி: அது எதுக்கும்மா? பிரஷர் சரியாயிடுச்சுன்னாங்க. நிறுத்திட்டேன்.

தன்னார்வலர்: மாத்திரை சாப்பிட்டதாலதான் பாட்டி சரியாச்சு. நிறுத்தினா மறுபடி ஏறும். தண்ணி எவ்வளவு குடிக்குறீங்க?

பாட்டி: குடிச்சா ராத்திரி எழுந்து போகணுமே. மருமகளை எத்தனை தடவை எழுப்புறது? அதான் குடிக்குறதில்லை.

மனைவி: அத்தை, இதை நீங்க எங்கிட்ட சொல்லவேயில்லையே!

தன்னார்வலர்: தண்ணி குறைஞ்சாத்தான் நீர்க்கடுப்பு வரும், மலம் இறுகும், புத்தியும் தடுமாறும். பகல்ல நல்லாக் குடிங்க. பொழுது சாய்ஞ்சப்புறம் குறைச்சுக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பாத்திரம் வைங்க. நீர்த்தாரையில தொற்று இருக்கான்னு பார்க்கணும். நர்ஸம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன்.

கணவர்: இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா?

தன்னார்வலர்: இருக்குங்கண்ணே. சொன்னாத்தானே தெரியும்!

பார்த்தீர்களா? அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மகனுக்கு வெட்கம். மருமகளுக்குக் களைப்பு. தாய்க்கோ, தான் பாரமாகி விடக்கூடாதே என்ற எண்ணம். மூவரும் வாயை மூடிக்கொண்டதால் உதவி வாசலோடு நின்றது. பெரியவர்கள் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் வேணாங்குறீங்க?" என்று கேளுங்கள்.

மாத்திரை கொடுப்பதில் கவனம்

அழுத்தமும் சர்க்கரையும் சரியாகிவிட்டதென்று நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிக் கொடுக்கக் கூடாது. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் கெடும். வயிற்றில் புண் வரும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் பட்டினி இருக்கக் கூடாது. அமாவாசை, கிருத்திகை என்று விரதம் இருப்பவரானால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் வரும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் முதலில் வரும். இதைத் தடுப்பது எளிது. வந்தபின் ஆற்றுவது கடினம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். வலப் பக்கம், மல்லாந்து, இடப் பக்கம் என்று மாற்றி மாற்றி. இழுத்துப் புரட்டாதீர்கள், தோல் உரியும். அடியில் ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இந்த வேலைக்குக் கணவன் கை அவசியம் வேண்டும். தண்ணீர் மெத்தை போட்டாலும் புரட்டுவதை விடக் கூடாது.

தினமும் துடைக்கும்போது முதுகையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறி, விரலால் அழுத்தினாலும் மாறாத தடிப்பு இருந்தால் அதுவே புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். நர்ஸம்மாவிடம் அன்றே சொல்லுங்கள். புண்ணில் சாம்பல், காப்பித்தூள் போன்றவற்றை வைக்கக் கூடாது.

சாப்பாடு கொடுக்கும்போது படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். சிறு கவளமாகக் கொடுங்கள். விழுங்கியபின் அடுத்தது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் இருமலும் புரையும் வந்தால், குறிப்பாகப் பக்கவாதம் வந்தவருக்கு, டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பல் இல்லாவிட்டாலும் ஈறைத் துடைக்க வேண்டும்.

துணி மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். திரைச்சீலை ஒன்று தொங்க விடுங்கள். பேரப்பிள்ளைகள் எதிரில் உடம்பைத் திறந்து வைப்பது அவர் மனத்தைக் கொல்லும். உடம்பு தளர்ந்தாலும் மானம் தளர்வதில்லை.

பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியம். பிசியோதெரபி சொல்லிக் கொடுப்பவர் என்றோ ஒருநாள்தான் வருவார். அவர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்ய வைக்க வேண்டியவர்கள் நீங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனிடம், "தாத்தா கையை இருபது தடவை மடக்கி நீட்டு" என்று பொறுப்பைக் கொடுங்கள். தாத்தாவுக்குக் கையும் வரும், பேச்சுத் துணையும் வரும்.

விழாமல் காப்போம்

பெரியவர் ஒருமுறை விழுந்தால் ஒரு குடும்பமே விழும். இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கைதான். பெரும்பாலான வீழ்ச்சிகள் வீட்டுக்குள்ளேயே நடப்பவை, தடுக்கக் கூடியவை.

• கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.
• கழிப்பறையில் பிடித்து எழ ஓர் இரும்புக் குழாயைச் சுவரில் பதியுங்கள். குந்த முடியாதவருக்கு, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி உதவும்.
• குளிக்கும் இடத்தில் பாசி பிடிக்க விடாதீர்கள்.
• படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்கக் கூடாது. ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு எழட்டும்.
• கைத்தடி பிடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

விழுந்தபின் எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறது என்றால், காலை இழுத்து உருவி விடாதீர்கள். அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஊரும் அரசும் தரும் ஆதரவு

மருந்து மட்டும் போதாது. சோறும் காசும் பாதுகாப்பும் வேண்டும்.

முதியோர் உதவித்தொகை: தமிழ்நாட்டில் இது 1962 முதல் நடக்கிறது. 60 வயதான, ஆதரவற்ற ஏழை முதியோர்க்கானது. 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் தாலுகா அலுவலகமும் விசாரித்து முடிவு செய்வார்கள். ஒன்றை மறக்காதீர்கள். அந்தப் பணம் பெரியவருடையது. அவர் கையில் கொடுங்கள். வெற்றிலைக்கும் பேத்திக்கு மிட்டாய்க்கும் அவர் செலவழிக்கட்டும்.

சத்துணவு: உதவித்தொகை பெறும் முதியோர்க்குச் சத்துணவு மையத்தில் மதிய உணவு தரும் ஏற்பாடு 1983 முதல் உண்டு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது பெரிய துணை.

ரேஷன்: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் பட்டியலில் சேருமா என்று ரேஷன் கடையில் விசாரியுங்கள்.

தொலைபேசி: 14567 முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். உதவித்தொகை, சட்டம் பற்றிய யோசனை, மன ஆறுதல் எதற்கும் அழைக்கலாம். கைவிடப்பட்ட முதியவரைக் கண்டாலும் இந்த எண்ணுக்குச் சொல்லலாம்.

சட்டம்: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட முடியும். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் இந்தக் கடமை உண்டு. கவனித்துக்கொள்வதாக நிபந்தனை எழுதிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையும் செல்லாதென்று அறிவிக்க வழியுண்டு. ஆனால் நல்ல குடும்பத்துக்கு இந்தச் சட்டம் வரை போகும் நிலை வர வேண்டியதில்லை.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

ஐயா, உங்கள் தாயை உங்கள் மனைவி பார்த்துக்கொள்கிறார். மெத்தச் சரி. ஆனால் "அவ பார்த்துக்குவா" என்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து விட்டால் அது நியாயமல்ல. காலையில் தூக்கி உட்கார வைப்பது, தந்தையைக் குளிப்பாட்டுவது, இரவில் ஒரு முறை எழுந்து புரட்டுவது, மாத்திரைக் கணக்கைப் பார்ப்பது – இவையெல்லாம் ஆண்கள் செய்யக்கூடிய வேலைகள். செய்தால் மதிப்புக் குறையாது. அப்பனைத் தூக்கும் மகனைப் பார்த்து வளரும் பிள்ளை நாளைக்கு உங்களைத் தூக்கும்.

அதே போல, மனைவியின் பெற்றோர் தளர்ந்திருந்தால் அவர் போய் ஒரு வாரம் தங்கிப் பார்த்து வர வழி விடுங்கள். அவரும் ஒரு வீட்டின் பிள்ளைதானே!

வெளியூரில் உள்ள அண்ணன் தம்பிகள் பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். ஆண்டில் சில வாரங்கள் தாயை அழைத்துப் போங்கள். அல்லது நீங்கள் வந்து தங்கி, ஊரில் உள்ளவர்க்கு ஓய்வு கொடுங்கள். நோயாளியைப் பார்ப்பவருக்குத் தேவைப்படும் மருந்துகளில் ஓய்வும் ஒன்று.

தாய்மார்களே, தன்னார்வலர் வரும்போது பெரியவரின் கையை மட்டும் நீட்டாதீர்கள். உங்கள் கையையும் நீட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் படுத்துவிட்டால் பார்க்கப்படுபவரும் படுத்துவிடுவார்.

தம்பதியர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே எல்லாம் வருகிறதே, இனி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாமா?

பதில்: போக வேண்டியபோது போகத்தான் வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஊசி உண்டு. "காலையில் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

கேள்வி: இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி ஆதரவுச் சிகிச்சை எதற்கு?

பதில்: நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். வலியைக் குறைக்க முடியும். புண் நாறாமல் காக்க முடியும். தூங்க வைக்க முடியும். கடைசி நாட்களை அவர் வீட்டில், தன் மனிதர்கள் நடுவே, முனகாமல் கழிப்பது சிறிய விஷயமா?

கேள்வி: இரண்டு முறை சொல்லியும் யாரும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் நேரில் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் காட்டுங்கள். கிராம சபைக் கூட்டத்திலும் எழுந்து கேட்கலாம். இது யாசகம் அல்ல, உங்கள் உரிமை.

கேள்வி: தனியாக வாழும் பெரியவர்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். காலையில் கதவு திறந்ததா என்று ஒரு பார்வை பாருங்கள். தன்னார்வலர் வரும்போது அந்த வீட்டையும் காட்டிக் கொடுங்கள். குழம்பு வைத்த அன்று ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், காட்டிக் கேளுங்கள்.
2. தன்னார்வலர், நர்ஸம்மா பெயரும் போன் எண்ணும் சுவரில் எழுதியிருக்கட்டும்.
3. நோட்டுப் புத்தகம் தலைமாட்டில் இருக்கட்டும்.
4. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
5. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். பகலில் தண்ணீர் கொடுங்கள். இரவில் விளக்கு வையுங்கள்.
6. வேலையைப் பங்கு போடுங்கள். பார்ப்பவருக்கும் ஓய்வு கொடுங்கள்.
7. அவசரத்துக்கு 108, யோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

தம்பதியரே! இந்தத் தாளைப் படித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். இன்று மாலை இருவரும் சேர்ந்து பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். "உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எது வீட்டு வேலை, எது நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டியது என்று இருவரும் பிரித்துப் பாருங்கள். வீட்டு வேலையை இன்றே தொடங்குங்கள். மற்றதை நாளைக் காலையில் சொல்லிவிடுங்கள்.

தொட்டிலைக் காத்தது போலக் கட்டிலையும் காப்போம்!
பாரத்தைப் பகிர்வோம் – பெரியவர்களைப் பேணுவோம்!